ஆபரேட்டரம்மாவும் குடைக்காரியும்

அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய முகத்தை அறிந்தவர்கள் குறைவு. குரலை அறியாதவர்கள் இல்லை. "வணக்கம், ஆஸ்பத்திரி, சொல்லுங்க" என்று அவர் ஆரம்பித்தால், பதறியடித்துக் கூப்பிட்டவர்கள்கூட ஒரு மூச்சு விட்டுக்கொண்டுதான் விஷயத்துக்கு வருவார்கள். பெரிய டாக்டரிலிருந்து துணி துவைக்கும் ஆள்வரை எல்லோருக்கும் அவர் ஆபரேட்டரம்மா. வரவேற்பறைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. அதில் ஒரு மேசை, பட்டன்கள் நிறைந்த டெலிபோன் போர்டு, காற்றைவிடச் சத்தத்தை அதிகமாகத் தரும் ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்துகொண்டு எந்த வார்டின் எண்ணையும் போர்டைப் பார்க்காமலே அழுத்துவார். விரலுக்குக் கண் தேவையில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமைதான் பிறகு அவர் காலை வாரிவிட்டது. அதற்கு வருகிறேன்.

வீட்டில் அவருக்கு ஒரே மகன். கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, இரட்டை ஷிப்ட் பார்த்து வளர்த்த பிள்ளை. வளர்ந்தான், கல்யாணம் செய்துகொண்டான், ஒரு நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறொருத்தியோடு வேறொரு ஊருக்குப் போய்விட்டான். அவனுக்கு இதற்குமேல் ஒரு வரி செலவழிக்க எனக்கு மனமில்லை. சொல்ல வேண்டியது மருமகளைப் பற்றித்தான்.

எப்படிப் பார்த்தாலும் அடுத்ததாகப் பெட்டி கட்டியிருக்க வேண்டியவள் அவள். கட்டவில்லை. முதலில் அதிர்ச்சியில் இருந்தாள், பிறகு பழக்கத்தில் இருந்தாள், அதற்கப்புறம் ஏன் இருந்தாள் என்பதை இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை. ஹார்டுவேர் கடையில் பில் போடுகிற வேலை அவளுக்கு. ஆணி, கீல், பெயிண்ட் டப்பா, குழாய் என்று எது வந்தாலும் வலது கை கீபோர்டின் எண்கள் மேல் ஓடும், இடது கை அடுத்த சாமானை இழுக்கும். இவ்வளவு வேலைக்கு நடுவிலும் மத்தியானத்தில் ஆஸ்பத்திரியின் பொது எண்ணுக்கு ஒரு போன் போடுவாள். வேலை நேரத்தில் ஆபரேட்டர்களின் கைபேசி லாக்கரில் இருக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி விதி. அதனால் நோயாளிகளின் உறவினர்களோடு உறவினராக வரிசையில் காத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் "சாப்டீங்களா அத்தை?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அந்த போர்டுக்கு வருகிற அழைப்புகளெல்லாம் வேறு யாருக்கோ வருபவை. ஆபரேட்டரம்மாவுக்கென்றே வருவது அது ஒன்றுதான். அந்த நன்றியை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. "ம், சாப்டேன்" என்பதோடு சரி.

போனவன் எடுத்துப்போக மறந்தது அவனுடைய கேம் பெட்டியை. அதோடு இரண்டு ஸ்டிக். சண்டை விளையாட்டு அது: திரையில் இரண்டு பேர் நின்று மோதிக்கொள்வார்கள், ஸ்டிக்கை ஆட்டி பட்டனைத் தட்டினால் குத்து, உதை, பறக்கும் நெருப்பு. மருமகள் கடையிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு, பேசாமல் கொள்ளாமல் அதன்முன் உட்கார்ந்து யாரையாவது அடித்து நொறுக்குவாள். யாரை நினைத்து அடிக்கிறாள் என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தெரியும். ஒரு நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா. எனக்கும் அடிக்கணும் போல இருக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு இருவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். எந்த வீட்டிலும் மாமியாரும் மருமகளும் மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்குவதை இவர்கள் திரையில் அடித்துத் தீர்த்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்வார்கள். எதிர் வீட்டு வேன் டிரைவரும் அவர் மனைவியும் ஒரு சாயங்காலம் பஞ்சாயத்து பேசவே வந்துவிட்டார்கள். பாவம், அவர்கள்மேல் தப்பில்லை. "இன்னிக்கு உன்ன விடமாட்டேன்டி!" என்று மாமியாரும், "முடிஞ்சா தொட்டுப் பாருங்க!" என்று மருமகளும் கத்துவது தெருமுனைவரை கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? கதவைத் திறந்து பார்த்தால் இரண்டு பேரும் சம்மணம் போட்டுக்கொண்டு, மடியில் ஸ்டிக்கோடு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சலவைக் கடைக்கு மேலே மாடியில் ஒரு கேம் ஹால் இருந்தது. விடுமுறை நாட்களில் இருவரும் அங்கே போக ஆரம்பித்தார்கள். அங்கே போன பிறகுதான் ஆபரேட்டரம்மாவுக்கு ஒரு உண்மை தெரிந்தது: திரையில் நடப்பதைவிடப் பெரிய சண்டை சுவரில் நடக்கிறது. ஒரு அடியை எப்படிச் செய்வது என்பதைக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் சண்டை. ஹாலில் மூன்று கட்சிகள். அம்புக் கட்சி, ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ள வேண்டுமோ அந்தப் பக்கம் அம்பு வரையும். தலைவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நாள் முழுக்க மேலே அம்பு கீழே அம்பு பார்க்கிற மனிதர் வேறு எந்தக் கட்சியில் சேர்வார்? அடுத்தது எழுத்துக் கட்சி. இரண்டே இரண்டு கல்லூரி மாணவிகள், ஆனால் இருபது பேர் சத்தம். எல்லாவற்றையும் ஆங்கில எழுத்துச் சுருக்கமாக எழுதிவிட்டு, அது என்னவென்று அவர்களே மறந்துபோவார்கள். மூன்றாவது எண் கட்சி. ஸ்டிக் சும்மா நடுவில் நின்றால் ஐந்து. அதைச் சுற்றி எட்டுத் திசைக்கு எட்டு எண், எண் பட்டன்கள் அமைந்திருக்கிற மாதிரியே. தலைவர் மருந்துக் கடைக்காரர். இவர்கள் எண்ணை மட்டும் எழுதுவார்கள், விளக்கப் படம் போடவே மாட்டார்கள். படம் போட்டால் அம்புக் கட்சியிடம் தோற்ற மாதிரி ஆகிவிடுமாம்.

ஹால்காரர் மூன்று காகிதங்களையும் சுவரில் ஒட்டியிருந்தார். ஒரு கட்சியின் காகிதத்தை இன்னொரு கட்சி கிழிப்பதும், மறுநாள் புதிதாக முளைப்பதுமாக அந்தச் சுவரில் பசை காய்ந்ததே இல்லை.

ஆபரேட்டரம்மா அம்புக் கட்சி. மருமகள் எண் கட்சி. வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஆளுக்கொரு காகிதம் தொங்கியது.

"அம்ப பாத்தா கை தானா போகும்மா. எண்ண பாத்தா எனக்கு வார்டுதான் ஞாபகம் வருது."

"அம்ப வாயால சொல்ல முடியுமா அத்தை? மெசேஜ்ல அடிக்க முடியுமா? மூணு எண்ணுல முடியிற விஷயத்துக்கு எதுக்குப் படம் வரஞ்சுகிட்டு?"

இருவரும் ஒற்றைக் காலில் நின்றார்கள். ஒருவர் இன்னொருவர் வழிக்கு வருவதாக இல்லை.

இந்த நிலையில்தான் ஹால்காரர் ஜோடிப் போட்டி ஒன்றை அறிவித்தார். இரண்டு இரண்டு பேராகச் சேர வேண்டும். ஒருவர் ஆடும்போது ஜோடியில் மற்றவர் பின்னால் நின்று குரல் கொடுக்கலாம். மருமகள் கேட்காமலே இருவர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். அதே வாரம் ஆஸ்பத்திரி போர்டுக்கு ஒரு வெளியூர் அழைப்பு வந்தது.

"அத்தை, நல்லாருக்கீங்களா? நான்தான், உங்க மருமகளோட அண்ணன்."

நல்ல மனிதர்தான். தங்கைக்குத் தன் ஊரில் நல்ல வேலை ஒன்று பார்த்து வைத்திருக்கிறாராம். பல தடவை சொல்லியும் அவள் பிடிகொடுக்கவில்லையாம். "நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. புருஷனே இல்லாத வீட்ல அவ எத்தன நாள் இருப்பா? உங்களுக்காகப் பாத்துக்கிட்டு நிக்கிறாளோன்னு தோணுது. நீங்களே போன்னு சொன்னா போயிடுவா. ஏதோ போட்டியில ரெண்டு பேரும் சேந்திருக்கீங்கன்னு சொன்னா. அந்தப் போட்டி அன்னிக்கு நான் வண்டியோட வர்றேன்."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் ஆபரேட்டரம்மாவுக்கு வலித்தது. தன் பிள்ளை செய்த காரியத்துக்கு இந்தப் பெண் ஏன் இங்கே கிடந்து வாழ்க்கையைத் தேய்க்க வேண்டும்? இரு என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போ என்றுதான் சொல்ல வேண்டும். போட்டி முடிந்ததும் சிரித்த முகத்தோடு சொல்லிவிடலாம். அதுவரைக்கும் அவள் மனம் கோணாமல் இருந்துவிடுவோம். இப்படி நினைத்துக்கொண்டுதான் அன்று சாயங்காலம், கதவிலிருந்த தன் அம்புக் காகிதத்தை அவரே எடுத்து மடித்து வைத்தார்.

"சரி, உன் எண்லயே வச்சுக்கலாம். சொல்லு."

மருமகள் வாயைப் பிளந்தாள். "நிஜமாவா? ரொம்ப ஈஸி அத்தை. நடுவுல அஞ்சு. நம்ம ரெண்டு பேரும் தினமும் தட்டுற அதே எண் பட்டன்தான், பாக்காமலே வரும். ஆறுன்னா எங்க, சொல்லுங்க?"

"முன்னாடி."

"நாலு?"

"பின்னாடி."

"அவ்வளவுதான். பாஸ்!" என்றாள் மருமகள். பரீட்சை அதோடு முடிந்தது.

அதற்கப்புறம் இருவரும் ஒன்றாக உட்காரவே வாய்க்கவில்லை. ஹார்டுவேர் கடையில் இருப்புக் கணக்கெடுப்பு. மருமகளுக்கு விடுமுறை கிடையாது, வரவும் நேரமானது. மாமியாருக்கோ விடிந்ததும் ஷிப்ட். பாடமெல்லாம் மெசேஜில் நடந்தது. போட்டிக்கென்று ஆபரேட்டரம்மா திரையில் தன் சார்பில் மோத புதிதாக ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தார்: கையில் குடையோடு வருகிற ஒரு தடித்த பெண்மணி. குடைக்காரி என்றே பெயர் வைத்தார்கள். சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரைத் திறந்தால் மருமகளின் மெசேஜ் இருக்கும். "236, குத்து: குடை பறக்கும்." "2, உதை: காலை வாரும்." "214, குத்து: குடையைச் சுத்தி அடியைத் தடுக்கும்." ஆபரேட்டரம்மா சாயங்காலம் வந்து தனியாகச் செய்து பார்ப்பார். முதல் எண்ணைத் தள்ளியதும் குடைக்காரி எம்பிக் குதித்தாள், காற்றிலே குடையை விரித்து ஒரு குத்து விட்டாள். சரிதான், குடை பறக்கிறது. "பறந்தது" என்று பதில் போட்டார். அடுத்ததில் குதித்து எதிராளியின் தலையில் உதைத்தாள். காலை வாரும் என்று எழுதியிருக்கிறாளே, இது தலையிலல்லவா விழுகிறது என்று தோன்றியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தலை எது கால் எது என்று தெரிவதில்லை என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டு, "அதுவும் வருது" என்று எழுதினார். இப்படியே குடைக்காரிக்குத் தரையில் கால் பாவாமல் ஒரு முழு வித்தையையும் கற்றுக்கொண்டார். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே கற்றுக்கொண்டார்.

போட்டிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடையில் கணக்கெடுப்பு முடிந்து மருமகள் சீக்கிரம் வந்தாள். ஆசையாகப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடைக்காரி குதித்தாள். அடி வாங்கினாள். மறுபடி குதித்தாள். மறுபடி வாங்கினாள்.

"அத்தை, ஏன் குதிக்கிறீங்க?"

"நீ எழுதினதத்தானே செய்றேன்."

"நான் ஒரு எடத்துலகூட குதிக்க எழுதல."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"பொய்யில்ல, படிக்கவேயில்லன்னு நெனைக்கிறேன். சும்மா வருது வருதுன்னு பதில் போட்டிருக்கீங்க. நான் கடையில நிக்க நேரமில்லாம நின்னுகிட்டு ஒவ்வொண்ணா அடிச்சு அனுப்பினேன்."

ஆபரேட்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. மனப்பாடமாகப் படித்ததை ஒருத்தி படிக்கவேயில்லை என்றால் எப்படி இருக்கும்? இவள்தான் ஏனோதானோவென்று எழுதியிருக்கிறாள். மனசு ஏற்கெனவே அண்ணன் ஊருக்குப் போய்விட்டது, கைதான் இங்கே இருக்கிறது. அவர் இத்தனை நாளாக இனிப்புத் தடவி வைத்திருந்த சொல், கசப்பாக வெளியே வந்து விழுந்தது.

"என்னோட ஆட இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடு. அண்ணன்தான் கூப்பிடுறாரே, போ."

மருமகள் ஸ்டிக்கைக் கீழே வைத்தாள். "அண்ணன் உங்ககிட்டயும் பேசினாரா?"

"பேசினார்."

"போன்னு சொல்றீங்களா?"

ஊரில் யார் யாருக்கோ இணைப்புக் கொடுத்தவருக்கு, கையெட்டும் தூரத்தில் இருந்தவளிடம் ஒரு வார்த்தை வரவில்லை. மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் போர்டில் "சாப்டீங்களா" வரவில்லை. எல்லா விளக்குகளும் எரிந்தன, எல்லா ஊரிலிருந்தும் கூப்பிட்டார்கள், அந்த ஒரு குரல் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் ஆபரேட்டரம்மா வீட்டுக்குப் போகும் பேருந்தில் ஏறாமல், எதிர்த்திசை பேருந்தில் ஏறி ஹார்டுவேர் கடை வாசலில் இறங்கினார். கோபத்தில் சொன்னேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குமேல் என்ன சொல்வது என்று அவருக்கே தெரியாது.

கடையில் கூட்டம். பெயிண்ட் வாங்க வந்தவர்களுக்கும் குழாய் வாங்க வந்தவர்களுக்கும் பின்னால் அவரும் வரிசையில் நின்றார். மருமகள் நிமிரவில்லை. வலது கை ஓடிக்கொண்டிருந்தது, பார்க்காமலே. அதே பெருமை, அதே விரல் என்று ஆபரேட்டரம்மா அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நகர்ந்தார். பக்கத்தில் வந்தபோது கைக்கு அடியில் இருந்த பட்டன்கள் தெரிந்தன. ஏழு, எட்டு, ஒன்பது மேல் வரிசையில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று கீழே கிடந்தன.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். முப்பது வருஷமாக அவர் விரலுக்கு அடியில் இருக்கிற போர்டில் ஒன்று இரண்டு மூன்றுதான் மேலே. ஏழு எட்டு ஒன்பது கீழே. உலகத்திலுள்ள எல்லா எண் பட்டனும் அப்படித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எல்லாமே தன்னுடையது மாதிரித்தான் என்று இவளும் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அடிப்பாவி!" என்றார் கடையே திரும்பிப் பார்க்கும்படி. "உனக்கு ரெண்டு கீழயா இருக்கு?"

மருமகள் நிமிர்ந்தாள். "வேற எங்க இருக்கும்?"

ஆபரேட்டரம்மா பையைத் துழாவிக் கைபேசியை எடுத்து, எண் போடுகிற பக்கத்தைத் திறந்து, கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மருமகள் இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள். நாலும் ஆறும் இரண்டிலும் அதே இடத்தில் சாதுவாக இருந்தன; அவள் பரீட்சையில் கேட்டது அவை இரண்டை மட்டும்தான். மற்றதெல்லாம் தலைகீழ். கீழே என்று இவள் எழுதியதெல்லாம் அங்கே மேலே போய், பாவம், குடைக்காரியைத் தவளையாக்கியிருக்கிறது.

மருமகள் முதலில் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு முடியாமல் பில் மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். "எல்லாத்தையும் ஒழுங்கா படிச்சிருக்கீங்க அத்தை! ஒரு எழுத்து விடாம படிச்சிருக்கீங்க!"

"பின்ன? படிக்கலன்னு சொன்னியே!"

"ஏம்மா, குழாய்க்கு பில் கிடைக்குமா, கிடைக்காதா?" என்றார் பின்னால் நின்றவர். கடை முதலாளி தொண்டையைச் செருமினார். ஆபரேட்டரம்மா ஒதுங்கி நின்றார். சொல்ல வந்த வார்த்தையை அந்தச் சிரிப்பிலும் நெரிசலிலும் சொல்ல முடியாமல் போனது. முந்தின நாள் சொன்ன போ, சிரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருவரோடும் வீட்டுக்கு வந்தது.

அன்று சாயங்காலம் மருமகள் ஒரு காரியம் செய்தாள். "உங்க விரல் இத்தன வருஷமா பழகினது. அத மாத்த வேணாம். நான் உங்க போர்டுக்கு மாறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தான் எழுதிய எல்லாவற்றையும் அத்தையின் எண்ணுக்கு மாற்றி எழுதினாள். 236 இப்போது 896 ஆனது. 214 இப்போது 874. ஆபரேட்டரம்மா அதைப் பார்த்ததும் தொடையில் தட்டிக்கொண்டார்.

"எட்டு ஒம்போது ஆறு எக்ஸ்ரே ரூம்! எட்டு ஏழு நாலு கேன்டீன்! இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

எக்ஸ்ரேவுக்கு இணைப்புக் கொடுக்கிற வேகத்தில் குடைக்காரியின் குடை தரையோடு சீறிக்கொண்டு பறந்தது. ஒருவருக்காக இன்னொருவர் தன் எண்களையே கவிழ்த்துப் போட்டுக்கொள்வது சின்ன விஷயமில்லை என்று ஆபரேட்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அம்பைக் கழற்றிவைத்தபோது தான் செய்ததும் அதுதான். ஆனால் அவர் செய்தது வழியனுப்புகிற எண்ணத்தில். இவள் ஏன் செய்கிறாள்? கேட்கப் பயமாக இருந்தது. கேட்காமலே அந்த மாலை முழுதும் நன்றியோடு எக்ஸ்ரேவுக்கும் கேன்டீனுக்கும் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் நிற்க இடமில்லை. மருமகளின் அண்ணன் சொன்னபடி வண்டியோடு வந்து, கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் ஆட்டமே மருந்துக் கடைக்காரரோடும் அவர் மச்சானோடும். மருமகள் தன் பங்கை ஆடி மச்சானைச் சாய்த்தாள். பிறகு ஆபரேட்டரம்மா உட்கார்ந்தார். எதிரே எண் கட்சித் தலைவர். மருமகள் அத்தையின் தோளுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்தாள்.

"எட்டு, உதை!"

மருந்துக் கடைக்காரருக்கு எண் தாய்மொழி மாதிரி. எட்டு என்றால் மேலே. கிழவி குதிக்கப்போகிறாள் என்று காது சொல்லியது, கை மேல்நோக்கி ஒரு குத்து விட்டது. குடைக்காரி குனிந்து அவர் காலை வாரினாள்.

"எட்டு ஒம்போது ஆறு!"

மறுபடி அவர் வானத்தைக் குத்தினார். குடை கணுக்காலில் வந்து விழுந்தது. காதை நம்பாதே என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது முகத்தில் தெரிந்தது. ஆனால் வருஷக்கணக்காகப் பழக்கிய காது சொன்ன பேச்சைக் கேட்குமா? ஒவ்வொரு எட்டுக்கும் மேலே பார்த்து, ஒவ்வொரு தடவையும் கீழே வாங்கினார்.

"இது போங்கு! தப்பான எண்ண சொல்லி ஏமாத்துறாங்க!"

"தப்பான எண்ணுன்னு யார் சொன்னது?" என்று ஆபரேட்டரம்மா திரும்பினார். "எங்க ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுப் பாருங்க, எந்த எண்ணு சரின்னு தெரியும்."

ஹால்காரர் விதியைப் பார்த்தார். குரல் கொடுக்கலாம் என்று இருந்தது. எந்த முறையில் என்று இல்லை. ஹாலே சிரித்தது, கடைசியில் மருந்துக் கடைக்காரரும் சிரித்தார்.

அடுத்த ஆட்டத்தில் லிஃப்ட் மெக்கானிக்கும் அவருடைய தம்பியும். மருமகள் எட்டு என்றாள், ஏழு என்றாள், தொண்டை வறளக் கத்தினாள். அம்புக் கட்சிக்காரருக்கு எந்த எண்ணும் எந்தக் காலத்திலும் காதில் ஏறியதில்லை. அவர்பாட்டுக்குத் திரையைப் பார்த்து ஆடினார், குடைக்காரியைக் குடையோடு சேர்த்து மடக்கி வைத்தார். ஆபரேட்டரம்மாவும் மருமகளும் வெளியேறினார்கள். ஒரு காலத்தில் தன் கட்சியில் இருந்தவர் என்பதற்காக மெக்கானிக் அவருக்குக் கை கொடுத்தார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் அண்ணன் வந்து நின்றார். அவரும் சிரித்துக் களைத்திருந்தார். ஆனால் வந்த வேலையை மறக்கவில்லை.

"வண்டி கீழ நிக்குது. இவளக் கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கிறா. அத்தை, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஆபரேட்டரம்மா மருமகளைப் பார்த்தார். சிரித்த முகத்தோடு சொல்ல வேண்டும் என்று எத்தனையோ நாளாக ஒத்திகை பார்த்த சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. மத்தியானத்தில் போர்டு வெறுமையாக இருந்த அந்த ஒரு நாள் ஞாபகம் வந்தது. கண் கலங்கியது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"தம்பி, போன்னு சொல்றதுதான் நியாயம். எனக்குத் தெரியும். என் பிள்ளை பண்ணின காரியத்துக்கு இவளப் பிடிச்சு வச்சுக்க எனக்கு உரிமை கிடையாது. ஆனா அன்னிக்கு நான் போன்னு சொன்னது கோபத்துல. இப்ப நிதானமா சொல்றேன்." மருமகள் பக்கம் திரும்பினார். "நீ எனக்கு என்னல்லாம் செஞ்சிருக்கேன்னு உனக்கே தெரியாதும்மா. தினமும் ஒரு போன். அதுக்கே நான் நன்றி சொன்னதில்ல. உன் இஷ்டம் எதுவோ அதுதான். என் இஷ்டத்தக் கேட்டா..." என்று நிறுத்தி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சொன்னார்: "இரு."

முந்தானை இல்லாததால் மருமகள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணாகிட்ட நான் வரலன்னு எப்பவோ சொல்லியிருப்பேன்" என்றாள். "நீங்க இருன்னு சொல்வீங்களா மாட்டீங்களான்னுதான் இத்தன நாளா பாத்துக்கிட்டிருந்தேன். கேட்டு வாங்கினா நல்லாருக்காதுல்ல? ரெண்டே எழுத்து, அத்தை. இதுக்கு அம்பும் வேணாம், எண்ணும் வேணாம். முன்னாடியே சொல்லித் தொலச்சிருந்தா நான் வெள்ளிக்கிழம ராத்திரி தூங்கியிருப்பேன்."

அண்ணன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, வந்ததுக்கு எனக்கும் அந்தக் குடைய எறிய சொல்லிக் குடுங்க" என்றார். சொல்லிக்கொடுத்தார்கள், ஆளுக்கொரு எண்ணில். அவர் குடைக்காரி ஒரு தடவை பறந்தாள், ஒரு தடவை விழுந்தாள், பெரும்பாலும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம் போர்டில் ஒரு விளக்கு எரிந்தது.

"வணக்கம், ஆஸ்பத்திரி, சொல்லுங்க."

"சாப்டீங்களா அத்தை?"

"சாப்டேன்மா" என்றார் ஆபரேட்டரம்மா. வழக்கம்போல உடனே வைத்துவிடாமல், "நீ கேட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா. நீ சாப்டியா?" என்றார். மறுமுனையில் யாரோ ஆணிக்கு பில் கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். மருமகள் இன்னும் இல்லை என்றாள். அவள் சாப்பிடப் போகிறேன் என்று சொல்லும்வரை ஆபரேட்டரம்மா வைக்கவில்லை. அதுவரை இரண்டு அழைப்புகள் காத்திருந்தன.